பாட்டிக்கும் ஒரு பாஸ்போர்ட்

தாம்பரத்தில் கடற்கரை வண்டியைப் பிடித்தால் கடைசி நிறுத்தத்தில் இறங்கி ராஜாஜி சாலையைத் தாண்டினால் போதும், சென்னைத் துறைமுகம். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய அந்தத் தடத்தில் ஆபீசுக்குப் போனவர்கள் உண்டு, பாரிமுனைக்கு மொத்தக் கொள்முதலுக்குப் போனவர்கள் உண்டு. விடுமுறையைக் கழிக்கக் கப்பலேறப் போனவர்கள் அபூர்வம். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொர்டெலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலைச் சென்னையிலிருந்து கொடியசைத்து அனுப்பி வைத்த பிறகுதான் குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் வீடுகளில் ஊட்டி, கொடைக்கானல் பேச்சோடு கப்பல் பேச்சும் சேர்ந்தது. 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கரீபியன் தீவுகளைச் சுற்றி வந்த கப்பல் அது.

கப்பல் பேச்சு வந்ததும் கூடவே வரும் கேள்வி: பாஸ்போர்ட் வேண்டுமா?

சேலையூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் சிறுசேரியில் ஐ.டி. வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்பில் பெண், ஒன்றாம் வகுப்பில் பையன். கூடவே கணவனின் அம்மா, வயது எழுபதைத் தாண்டியவர். கணவனிடம் மட்டும் கம்பெனி அனுப்பிய காலத்தில் எடுத்த பாஸ்போர்ட் ஒன்று இருக்கிறது. அதுவும் இன்னும் சில மாதங்களில் காலாவதி. ஹூஸ்டனில் இருக்கும் மனைவியின் தம்பி போனில் சொல்கிறான்: "கப்பலுக்குப் பாஸ்போர்ட்டெல்லாம் வேண்டாம்க்கா. நாங்க கால்வெஸ்டன்லேர்ந்து மெக்சிகோ போய்ட்டு வந்தோம், பசங்களுக்கு பர்த் சர்டிபிகேட்தான் காட்டினோம்." டிராவல்ஸ்காரர் "ஆதார் போதும் சார்" என்கிறார். பாட்டி, "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நான் எந்த தேசத்துக்குப் போகப் போறேன்?" என்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூவர் பேச்சையும் அப்படியே நம்பிக் கிளம்பவும் முடியாது.

தம்பி சொன்னது அமெரிக்கச் சட்டம். ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில், அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போகலாம். பெரியவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையும், பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும். தம்பியின் பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள், அந்த நாட்டுக் குடிமக்கள். அதே கப்பலில் சேலையூர்ப் பாட்டியை அழைத்துப் போனால் இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும், அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைய அனுமதிக்கும் விசாவும் கையில் இருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தைகளுக்குக்கூட இதில் ஒரு இடர் உண்டு. மெக்சிகோவின் கொசுமேலில் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போய், கப்பலை விட்டு இறங்கி விமானத்தில் ஊர் திரும்ப நேர்ந்தால் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. சலுகை இருந்தாலும் பாஸ்போர்ட்டோடு போங்கள் என்று அந்நாட்டு அரசே அறிவுறுத்துவது இதனால்தான்.

டிராவல்ஸ்காரர் சொன்னது, சென்னையில் கிளம்பி ஆழ்கடல் வரை போய் இரண்டு இரவுகளில் சென்னைக்கே திரும்பும் பயணத்துக்குப் பொருந்தும். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் இந்தியாவின் ஆட்சிக்குட்பட்ட கடல்; அதைத் தாண்டினால் வெளிநாடு போனதாகத்தானே கணக்கு? அப்படியில்லை. நம் எல்லையைத் தாண்டுகிறோமே தவிர வேறொரு நாட்டின் எல்லைக்குள் கால் வைக்கவில்லை. முத்திரை குத்த அங்கே யாரும் இல்லை. விசாகப்பட்டினம் போனாலும் இதே கதைதான். கொச்சியில் ஏறி லட்சத்தீவு போனால் அனுமதிச் சீட்டு வேண்டும், பாஸ்போர்ட் வேண்டாம். சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல்கள் பல்லாண்டுகளாக ஓடுகின்றன. நன்கோவ்ரி, ஸ்வராஜ் தீப் போன்ற கப்பல்களில் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், அறுபது மணி நேரத்துக்குக் குறையாத பயணம். மூன்று நாள் கடலைத் தவிர எதையும் பார்க்காமல் போய் இறங்கினாலும் அது உள்நாடுதான். அடையாள அட்டை போதும்.

ஆனால் அதே எம்பிரஸ், அடுத்த வருடமே அதே துறைமுகத்திலிருந்து வேறு திசையில் கிளம்பியது. 2023 ஜூன் 5 அன்று ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் அதைச் சென்னையிலிருந்து இலங்கைக்கு வழியனுப்பினார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. கப்பல் அதேதான், படுக்கையறையும் அதேதான். ஆதாரை மட்டும் நம்பி வந்தவர் ஏற முடியாது. ஆகவே கப்பலின் பெயரைப் பார்த்தோ, கிளம்பும் ஊரைப் பார்த்தோ முடிவுக்கு வரக் கூடாது. அது எந்தெந்தத் துறைமுகத்தைத் தொடுகிறது என்ற பட்டியல் ஒன்றுதான் பதில் சொல்லும். அந்தப் பட்டியலும் மாறக்கூடியது. 2022 ஜூனில் கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று புதுச்சேரி அனுமதி மறுக்க, இறங்கிச் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டிருந்தவர்கள் இறங்காமலேயே திரும்பினார்கள்.

இலங்கைக்குக் கடல்வழி போவது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் இதே தாம்பரம் வழியாகத்தான் தனுஷ்கோடி போனது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, பாலம் கடந்து தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்பு ரயிலைப் பிடித்தார்கள். இரு கரையும் ஒரே ஆட்சியில் இருந்த காலம். தோட்ட வேலைக்குப் போன ஏழைகளை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து நோய்ப் பரிசோதனை செய்தார்கள், பாஸ்போர்ட் கேட்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் இரண்டும் தனித்தனி நாடுகளாகித் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டு போனது. இப்போது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் 'செரியாபாணி' தொடங்கி வைத்ததை, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' தொடர்ந்தது. நாலு மணி நேரத்தில் போய்விடும் தூரம். அந்தமானுக்கு அறுபது மணி நேரம் போகிறவரிடம் கேட்காத பாஸ்போர்ட்டை இந்த நாலு மணி நேரத்துக்குக் கட்டாயம் கேட்பார்கள்.

சேலையூர்க் குடும்பம் இந்த விடுமுறைக்கு ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்போர்ட் தேவையில்லை. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் எடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. டிக்கெட் போட்ட பிறகு எடுக்க ஓடுகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

அவதி பெரும்பாலும் பெயரில் ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆயுள் முழுக்க 'எஸ். முருகன்' என்று கையெழுத்துப் போட்டவர், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்த 'எஸ்'ஸை விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரான சுப்பிரமணியனைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டால், வெளிநாட்டில் எல்லோரும் அவரை 'மிஸ்டர் சுப்பிரமணியன்' என்பார்கள். மனைவியின் குடும்பப் பெயர் முருகன், பிள்ளைகளுடையதும் முருகன், பாட்டியுடையது சுப்பிரமணியன். சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு வாங்கிவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் கலங்கிப் போனார்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பிறகு வந்தது. குளிர்காலத்தில் துபாயிலிருந்து கிளம்பும் கப்பல்களில் போக ஆசைப்படுகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது. ஐந்து பேர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, எது எந்தக் கட்டத்தில் என்று ஒரே முறையாகத் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகு விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பதிவு செய்ததில் 'பெயர்' என்ற இடம் காலியாகவே இருப்பது நம் பக்கம் சாதாரணம். பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்திருக்கும். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமலும், அதன் பின் பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்பார்கள் என்று 2025இல் விதி வந்துவிட்டது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பாட்டிக்கு அது பெரிய நிம்மதி.

மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் ரெக்சின் பையைத் திறந்தால் போதும். ரேஷன் கார்டு, தாத்தாவின் ஓய்வூதிய ஆணை, மடிப்பில் கிழிந்துபோன எல்.ஐ.சி. பத்திரம், வாக்காளர் அட்டை, பான் அட்டை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், பிறந்த தேதி குறித்த எல்.ஐ.சி. பத்திரம் என்று பலவற்றையும் 2016 டிசம்பரில் வந்த விதிகள் ஏற்கின்றன. எல்லாவற்றிலும் தேதி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பழைய ஆவணங்களில் பலருக்கு வருடம் மட்டும் ஒன்றாயிருக்கும், நாளும் மாதமும் ஆளுக்கொன்றாக இருக்கும். அதை முதலில் திருத்தியாக வேண்டும்.

செலவு எவ்வளவு? 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், பதினெட்டுக்குக் கீழ் 1,000. எட்டு வயதுக்குக் கீழும் அறுபதுக்கு மேலும் உள்ளவர்களுக்குப் புதிய பாஸ்போர்ட்டில் பத்து சதவீதம் தள்ளுபடி. கணவனுக்குப் புதுப்பிக்க 1,500, மனைவிக்கு 1,500, பெண்ணுக்கு 1,000, பையனுக்கு 900, பாட்டிக்கு 1,350. ஆக 6,250. கப்பலில் ஒரு அறைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் சிறிய தொகை. இதையே கடைசி நேரத்தில் தட்கலில் எடுத்தால் ஆளுக்கு 2,000 கூடுதல்.

சென்னையின் பாஸ்போர்ட் சேவா கேந்திரங்களில் ஒன்று தாம்பரத்திலேயே இருப்பது தெற்குப் புறநகர்க்காரர்களுக்கு வாய்ப்பு. ஆன்லைனில் பணம் கட்டி அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போனால் டோக்கன் தருகிறார்கள். ஏ கவுன்ட்டரில் படமும் கைரேகையும், பி கவுன்ட்டரில் ஆவணச் சரிபார்ப்பு, சி கவுன்ட்டரில் அதிகாரியின் முடிவு. பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். பெற்றோர் இருவரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பிள்ளைகளுக்குப் போலீஸ் விசாரணை பெரும்பாலும் இருக்காது. அதனால் அம்மா அப்பாவுக்கு முதலில், பிள்ளைகளுக்கு அடுத்து என்று போட்டால் வேலை சுலபம். 2025 மார்ச் முதல் சென்னையில் சிப் பதித்த இ-பாஸ்போர்ட்தான் தருகிறார்கள்.

பாட்டி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த தேசத்துக்கும் போகப் போவதில்லை என்பவருக்கு எதற்கு? வெளிநாடு போவது ஒருவரின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967 ஏப்ரலில். அதுவரை பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் அதே ஆண்டு ஜூன் 24 அன்று பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அந்த நாளில் பாட்டி தாவணி போட்ட பெண். அதன் பிறகு வீட்டில் யார் யாரோ வெளிநாடு போனார்கள், அவர் மீனம்பாக்கம் வரை வந்து வழியனுப்பினார். ஹூஸ்டன்காரருக்கு அவசரமாக ஆள் தேவைப்படலாம். பேத்தி நாளை சிங்கப்பூரில் படிக்கலாம். நல்லதோ கெட்டதோ, கூப்பிடும் நாளில் 'அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை' என்று பதில் சொல்வது கொடுமை. வீட்டிலேயே அவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற நால்வருக்கும் எடுப்பது, அவர் இனி எங்கும் வர மாட்டார் என்று நாமாகவே முடிவு கட்டுவதாகும். அவர் சொன்னாலும் அதைக் கேட்கக் கூடாது.

பிறகு தேதிகள். பெரியவர்களுக்குப் பத்து வருடம், சிறுவர்களுக்கு ஐந்து வருடம் அல்லது பதினெட்டு வயது வரை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகள் பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி கேட்கின்றன. சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு, புக்கெட் போய் மறுபடி சிங்கப்பூரில் இறங்கும் கப்பல்களுக்குத் திரும்பி நுழையும் அனுமதியும் விசாவில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருவரின் பாஸ்போர்ட்டும்தான் எல்லோருக்கும் முன்னதாக, பையன் ஆறாம் வகுப்புக்கு வரும்போது காலாவதியாகும். அந்த மாதத்தை வீட்டுக் காலண்டரில் இப்போதே குறித்து வைக்கலாம். ஜூனில் பள்ளி திறந்து கூட்டம் குறைந்ததும் தாம்பரத்தில் முதல் அப்பாயின்ட்மென்ட்டைப் பாட்டி பெயரில் போட்டுவிடலாம்.