முதுகுத் தண்டும் மொழியும்

தையற்காரர்தாம் முதலில் கண்டுபிடித்தார். கரோல் பாகில் பல்லாண்டுகளாக எங்கள் வீட்டுத் துணிகளைத் தைப்பவர் அவர். நவராத்திரிப் பாவாடைக்கு எங்கள் மகளை அளவெடுத்தவர், ஒருபுறம் ஓர் அங்குலம் கூடுதலாக விட வேண்டும் என்றார். “நிமிர்ந்து நில்” என்று இரண்டாண்டுகளாக அவளைக் கடிந்து வந்த நாங்கள் வாயடைத்துப் போனோம்.

எக்ஸ்ரே 52 பாகை என்றது. வயது 14. ஸ்கோலியோசிஸ் எனப்படும் இப்பக்கவளைவு பெரும்பாலும் காரணம் புலப்படாமலே தோன்றுவது. புத்தகப் பையால் வருவதன்று. வளரும் பருவத்தில், 25 முதல் 40 பாகைக்குள் கண்டிருந்தால் பிரேஸ் என்னும் கவசம் போதியிருக்கலாம். 50 பாகையைத் தாண்டிய வளைவோ, வளர்ச்சி நின்ற பின்னும் கூடிக்கொண்டே செல்லக்கூடும்.

கயிறு கட்டும் புதுமுறையையே நாங்கள் விரும்பினோம். முள்ளெலும்புகளில் பக்கவாட்டில் திருகாணிகள் பதித்து, வலிய கயிற்றால் இழுத்துக் கட்டுவர். எஞ்சிய வளர்ச்சியே முதுகை நேராக்கும். அமெரிக்க அரசு 2019-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. கயிறு அறுந்து மறுசிகிச்சை நேர்வதும் உண்டு. எங்கள் மகளுக்கோ வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டதென்று இடுப்பெலும்பின் படம் காட்டிவிட்டது.

எஞ்சியது எலும்பிணைப்பு. ஹூஸ்டன் மருத்துவர் ஹாரிங்டன் 1962-இல் எழுதிய எஃகுத் தண்டு முறையில், நோயாளிகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தனர். இன்று இரண்டு தண்டுகளைத் திருகாணிகளால் பிணைக்கின்றனர். மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்து நிற்கச் செய்கின்றனர். ஆயினும், இணைத்த பகுதி பின்னர் வளையாது. “கோலமிடக் குனிய முடியுமா?” என்றுதான் எங்கள் வீட்டுப் பாட்டி கேட்டார். இடுப்பருகே கீழ் எலும்புகளை இணைக்காது விடுவதால் முடியும் என்றார் மருத்துவர்.

எங்களை உறங்கவிடாதது தண்டுவடத்துக்கு நேரக்கூடிய ஊறு. அது அரிதே, மின்சமிக்ஞைகளால் இடைவிடாது கண்காணிக்கின்றனர். சமிக்ஞை தளர்ந்தால், 1973-இல் ஸ்டாக்னாரா முதலிய பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிவைத்த பழைய முறை இருக்கிறது: நடுவிலேயே மயக்கத்தைக் குறைத்து, காலை அசைக்கச் சொல்வது. மயக்கமருந்து மருத்துவர், பஞ்சாபியர், அதை முன்கூட்டியே அவளுக்கு விளக்கி ஒத்திகை பார்த்தார்.

“தமிழில் கேளுங்கள்” என்றாள் அவள் இந்தியில். “பாதித் தூக்கத்தில் அதுதான் புரியும்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில் விடையளிப்பவள் அவள்! மருத்துவர் சிரிக்கவில்லை. ‘காலை அசை’ என்பதைத் தேவநாகரியில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு மணி நேரம். நடுவில் எழுப்ப நேரவில்லை. எல்லாம் முடிந்து மயக்கம் தெளியும் வேளையில் அவர் அத்தாளைப் பிரித்துப் படித்தாராம். “காலே அசை” என்றாராம். பத்து விரல்களும் அசைந்தன. கண் திறவாமலே அவள் முணுமுணுத்தாளாம்: “காலே இல்லை, காலை.”