கொடுமுடியில் ஒரு பட்டை தெளுவு

வேலை நிமித்தமாக மாதம் இரண்டு தடவை ஈரோட்டிலிருந்து கரூருக்குப் போகிறவள் நான். வழியில் கொடுமுடியில் இறங்காமல் போனதில்லை. தெற்கே ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் ஊர். மகுடேஸ்வரர் கோயிலில் மும்மூர்த்திகளையும் தரிசிக்கலாம். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த மண். பங்குனியில் பழநிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் இங்கேதான் நீர் மொள்ளுவார்கள்.

தரிசனம் முடிந்ததும் எனக்கு ஒரு பட்டை தெளுவு வேண்டும்! பதநீரைத்தான் எங்கள் கொங்குப் பக்கம் அப்படிச் சொல்வோம்.

"வாங்க அம்மிணி, காலையில எறக்கினதுங்க" என்று ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார் பெரியவர்.

என் அப்பாவும் மஞ்சள் வியாபாரத்துக்காக இதே வழியில் வந்து போனவர்தான். ஆனால் அவர் நின்ற இடம் கள்ளுக்கடை. வியாபாரப் பணத்தில் பாதி அங்கேயே கரையும். 1987-ல் கள்ளுக்கடைகளை மூடினார்கள். அதற்குள் அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போயிருந்தது.

"ரெண்டும் ஒரே மரந்தானுங்களே?" என்றேன் ஒருநாள்.

"ஆமாங்க. முட்டியில சுண்ணாம்பு தடவினாத் தெளுவு, தடவாம உட்டாக் கள்ளு."

புளிப்பேறாமல் காப்பது அந்தச் சுண்ணாம்புதான். ஆகவே சகோதரிகளே, தெளுவைக் காலையிலேயே வாங்குங்கள். நுரைத்துப் புளித்திருந்தால் குழந்தைகளுக்குத் தராதீர்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்த இனிப்பு ஆகாது.

போன தடவை அம்மாவையும் அழைத்துப் போனேன். பட்டையைக் கையில் வாங்கியவள் முதலில் முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் குடித்தாள்.

"இனிப்பாத்தான் இருக்குது கண்ணு" என்றாள்.