பூட்டு வாங்கப் போன கதை

திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "பிரியாணி எங்கேண்ணே நல்லா இருக்கும்?" என்பதுதான். நான், "பூட்டு எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூட்டறதுக்கா... திறக்கறதுக்கா?"

அவர் மேல் தப்பில்லை. மூன்று நாள் தாடி, தோளில் ஒரு பை, பைக்குள் 'டொங் டொங்' என்று இரும்புச் சத்தம். போதாததற்கு ராத்திரி எட்டு மணி!

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நானும் என் மச்சானும் சேர்ந்து தாம்பரம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். 'சேர்ந்து' என்றால், பணம் என்னுடையது, உழைப்பு அவனுடையது, யோசனை என் மனைவியுடையது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு ஜெராக்ஸ் மெஷின் (பேங்க் லோன்), நோட்டு, பேனா, மொபைல் ரீசார்ஜ். ஆபீஸ் விட்டு வந்து கல்லாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கே 'முதலாளி' என்று ஒரு நினைப்பு வரும். மாதச் சம்பளக்காரனுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் சுகம் இருக்கிறதே, அனுபவித்தால்தான் தெரியும்.

2021 நவம்பரில், அடைமழை பெய்த ஒரு ராத்திரி, முதல் திருட்டு நடந்தது. காலையில் மச்சான் போன் பண்ணினான். "மாமா, ஷட்டர் பாதி தூக்கியிருக்கு." ஓடினேன். ஷட்டரின் இரண்டு பக்கப் பூட்டும் படியில் கிடந்தன. உடைந்து அல்ல, திறந்து! ஒரு கீறல் கூட இல்லை. கல்லாவில் இருந்த ஆறாயிரத்துச் சொச்சம், ரீசார்ஜ் போன், ஒரு பெட்டி பேனா எல்லாம் போயே போச்சு. மெஷினை மட்டும் விட்டுவிட்டார்கள். தூக்கிப் பார்த்திருப்பார்கள், இடுப்பு பிடித்திருக்கும்.

பூட்டு உடையவில்லை. அப்படியானால்? சாவி வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். நான், மச்சான், அப்புறம் காலையில் எட்டு மணிக்குக் கடை திறக்கும் பையன். பத்தொன்பது வயசு, பாலிடெக்னிக் பாதியில் விட்டவன். என்னை 'அண்ணே' என்பான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும்போது, "சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்கள். உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்? சொன்னேன். சொன்ன விதம்தான்... மூன்றாவது பெயரைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது போதாதா? இரண்டு நாள் அவனை வரச் சொல்லிக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவன் கடைக்கு வந்தான், சாவியை மேஜை மேல் வைத்தான், போய்விட்டான். நாங்களும் நிறுத்தவில்லை. 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று மச்சான் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு நாங்கள் செய்த பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்டால் ரிசர்வ் பேங்க்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தேங்காய் சைஸுக்கு, பளபளவென்று இரண்டு பூட்டு. கேமரா இரண்டு. அது பதிவாகும் பெட்டியை எங்கே வைத்தோம் தெரியுமோ? கல்லாவுக்குக் கீழே. கைக்கு எட்டுகிற இடத்தில்!

2022 ஜூலையில் இரண்டாவது திருட்டு. இந்தத் தடவை தேங்காய்ப் பூட்டு இரண்டும் பூட்டினது பூட்டினபடியே இருந்தன. இடது பக்கம் பூட்டு மாட்டியிருந்த வளையம்தான் சட்டத்திலிருந்து பிய்ந்து, பூட்டோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கடப்பாரையை விட்டு நெம்பியிருக்கிறார்கள். ஒரு மூலையில் ஒல்லிப்பிச்சான் ஒருத்தன் நுழையும் அளவுக்கு இடைவெளி. கால்குலேட்டர்கள், சார்ஜர்கள், பணம், கூடவே கேமரா பெட்டி! திருடன் தன் போட்டோவைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

457, 380 என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். (2024 ஜூலையிலிருந்து சட்டமே மாறிவிட்டது. இப்போது அதே காரியத்துக்கு 331, 305. நம்பரைத் திருடர்களுக்குத் தெரிவித்தார்களோ என்னவோ!) மச்சான், "மாமா, கடையை வித்துட்டு நான் எங்கேயாவது வேலைக்குப் போறேன்" என்று ஆரம்பித்துவிட்டான். லோன் இன்னும் இருபத்தாறு மாதம் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் நண்பர் கல்யாணம் திண்டுக்கல்லில் வந்தது. மத்தியானம் எழும்பூரிலிருந்து கிளம்பும் வைகையைத் தாம்பரத்தில் பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திண்டுக்கல். கிளம்பும்போது மொட்டை மாடிக் கதவுப் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அது கொஞ்ச நாளாய் முரண்டு பிடித்தது. பூட்டு ஊருக்கே போகிறோமே, யாராவது ஓசியில் சரி பண்ணிக் கொடுக்க மாட்டார்களா என்ற நப்பாசை!

மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து வெளியே வந்தால், ஊரின் நடுவே அந்தப் பாறை. திண்டு போல இருக்கும் கல், அதனால்தான் திண்டுக்கல் என்கிறார்கள். மேலே கோட்டை. 1605-ல் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் ஆரம்பித்தது. அப்புறம் ஹைதர் அலி, திப்பு என்று கை மாறி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு பெரிய கதவு போட்டு என்ன, கடைசியில் ஒரு கையெழுத்தில் திறந்துவிட்டது. மூச்சு வாங்க ஏறிப் பார்த்தேன். கல்யாண சாப்பாட்டுக்குப் பிறகு ஏறாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

நாகல் நகர் பக்கம் சந்துகளில் நடந்தால் காதே வழி சொல்லும். அரம் தேய்க்கும் 'கர்ர்ர்... கர்ர்ர்...' சத்தம். பெரிய ஃபாக்டரி என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டுத் திண்ணை, முன்கூடம், ஒரு தகரக் கொட்டகை, இவ்வளவுதான். ஒருவர் இரும்புத் தகடு வெட்டுகிறார், ஒருவர் சாவியை அரத்தால் ராவுகிறார், ஒருவர் ஆணி அடித்து மூடுகிறார். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என்று ஐம்பது ரகத்துக்கு மேல் உண்டாம். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து மெஷினில் செய்த பூட்டு மலிவாக வந்து இறங்குகிறது. பிள்ளைகள் மில்லுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அரம் பிடித்திருந்த கைகளில் பெரும்பாலும் நரம்பு தெரிந்தது.

ஒரு கொட்டகையில் பெரியவர் ஒருவர், எழுபது இருக்கும், "வாங்க தம்பி" என்றார்.

"ஐயா, உங்ககிட்ட இருக்கறதுலேயே பெரிய பூட்டா ரெண்டு வேணும்."

"பூட்டு கிடக்கட்டும். கடையைப் பத்திச் சொல்லுங்க."

டாக்டர் மாதிரி கேட்டார். நோயாளி மாதிரி நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வளையம் பிய்ந்த இடம் வந்ததும் சிரித்தார். "அந்த வளையத்தை எத்தனை இடத்துல பத்த வச்சிருந்தாங்க? ரெண்டு பொட்டு வச்சிருப்பாங்க. சுத்திவரப் பத்த வைக்கணும். ஆயிரம் ரூபா பூட்டை அம்பது காசுக் கம்பியில மாட்டினா, அவன் பூட்டை ஏன் தொடப் போறான்?"

பிறகு ஒரு பூட்டின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தகடு தகடாக லீவர்கள், சீட்டுக்கட்டு மாதிரி. "இந்தச் சாவிப் பல்லு ஒவ்வொரு லீவரையும் அதுஅதுக்கு உண்டான உயரத்துக்குத் தூக்கணும். அப்பத்தான் நடுவுல வழி விடும், தாழ் நகரும். கூடத் தூக்கினாலும் போகாது, குறைச்சுத் தூக்கினாலும் போகாது." ஏழு லீவர் பூட்டு என்றால் ஏழும் ஒரே சமயத்தில் சம்மதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரு சினிமாவுக்குச் சம்மதிப்பதே கிடையாது!

பெல் பூட்டு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். சாவி சுற்றச் சுற்ற 'ணங்' என்று மணி அடித்தது. "இது நல்லா இருக்கே!" என்றேன். "நீங்க ராத்திரி கடையிலேயே படுப்பீங்களா?" என்று கேட்டார். "இல்லை." "அப்ப மணி யாருக்கு?" வைத்துவிட்டேன். சாவித் துவாரமே கண்ணுக்குத் தெரியாத பூட்டு ஒன்றையும் கொடுத்தார். ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தோற்றேன். ஒரு குமிழை அழுத்தினார், ஒரு தகடு நகர்ந்தது. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு அவமானம்.

டீ வந்தது. சரி, இதுதான் சமயம் என்று மாடிக் கதவுப் பூட்டை வெளியே எடுத்தேன். "இதைக் கொஞ்சம்..."

வாங்கிப் பார்த்தார். "தேங்காயெண்ணெய் விட்டீங்களா?"

"ஆமா."

"எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாயிருச்சு. எங்கே வாங்கினது?"

சொன்னேன். பிளாட்பாரத்தில் மூன்றாக வாங்கினால் விலை குறைவு என்றான். இரண்டு கடைக்கு, ஒன்று மாடிக்கு. முதல் திருட்டில் படியில் திறந்து கிடந்ததே, அதன் உடன்பிறப்புதான் இது.

பெரியவர் பூட்டைத் துடைத்து, தட்டி, முரண்டை எடுத்தார். பிறகு பூட்டினார். பக்கத்திலிருந்த தகர டப்பாவைக் கவிழ்த்தார். பழைய சாவிகள், யார் யாருடையதோ. ஒன்றைப் போட்டார், சுற்றவில்லை. இன்னொன்று, இல்லை. மூன்றாவது, இல்லை. நாலாவதைப் போட்டு லேசாக ஆட்டினார்.

'க்ளிக்.'

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"உள்ளே பேருக்கு ரெண்டு தகடு இருக்கும் தம்பி. இந்த மாதிரிப் பூட்டுக்குச் சாவி வகையே கொஞ்சம்தான். தெருவுல நாலு வீட்டுச் சாவியைப் போட்டா ஒண்ணு திறக்கும்."

என் சாவிக்கொத்தில் கடையின் பழைய சாவி இன்னும் இருந்தது. எடுத்தேன். மாடிப் பூட்டில் நானே போட்டேன். வெண்ணெயில் கத்தி போன மாதிரி சுற்றியது. ஏழெட்டு மாதமாய் இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

பெரியவர் அரத்தை எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "பூட்டு உடையலைன்னா சாவி வச்சிருந்தவனைத்தான பிடிச்சிருப்பீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கர்ர்ர்... கர்ர்ர்... என்று ராவ ஆரம்பித்துவிட்டார்.

பெரிய பூட்டு வாங்கவில்லை. அவர் எடுத்துக் கொடுத்த நடுத்தர சைஸ் ஏழு லீவர் பூட்டு இரண்டு வாங்கினேன். வளைவுக்குள் கம்பி நுழைய இடமே இருக்காது. "நெம்புறதுக்கு இடம் குடுக்காத பூட்டுதான் பூட்டு" என்றார். மாடிப் பூட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நப்பாசை நிறைவேறியது. ஆனால் சந்தோஷப்படத்தான் முடியவில்லை. ரயிலில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு மடியில் இருந்தது. விழுப்புரம் வரை ஒன்று கூட உரிக்கவில்லை.

ஊருக்கு வந்து வளையத்தைப் பிடுங்கி, கனமான இரும்பில் சுற்றிவரப் பற்றவைத்தோம். பூட்டைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு. ஷட்டருக்கு நடுவிலும் ஒரு பூட்டு, இல்லாவிட்டால் நடுவில் நெம்புவார்களாம். பின்பக்க ஜன்னலுக்குக் கம்பி. கேமரா பெட்டி பரண் மேல், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால். ராத்திரி உள்ளே ஒரு விளக்கு எரியும். கல்லா டிராயரைக் காலி பண்ணித் திறந்தே வைத்துவிடுகிறோம், பூட்டி வைத்தால்தானே உடைக்கத் தோன்றும்? இன்ஷூரன்ஸும் எடுத்தோம். உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் இருந்தால்தான் பணம் என்றார் ஏஜெண்ட். முதல் திருட்டு மாதிரி நடந்தால் எங்களுக்குச் சந்தேகம் வந்ததைப் போல அவர்களுக்கும் வரும்!

மூன்றாவது திருட்டு இதுவரை இல்லை. லோனும் கட்டி முடித்தாயிற்று.

பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்கிறீர்களா? ஊர் திரும்பிய வாரமே நானும் மச்சானும் தேடிப் போனோம். இரண்டு தெரு தள்ளி ஒரு மொபைல் கடையில் வேலை. வெளியே கூப்பிட்டு, மாடிப் பூட்டையும் கடைச் சாவியையும் அவன் கையில் கொடுத்தேன். "போட்டுப் பாரு" என்றேன். போட்டான். திறந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான், "மறுபடியும் வந்துடறியாடா? சம்பளம் கூடத் தர்றோம்" என்றான்.

"பரவாயில்ல சார்" என்றான் பையன்.

சார்!

ஒரு மாதம் கழித்து ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தான். இரண்டு காப்பி. காசு வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் நாலு ரூபாயை மேஜை மேல், முன்பு சாவியை வைத்தானே, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.