ஆசையாகத்தானே தின்றது!

நான் கள்ளக்குறிச்சி டவுனில் வளர்ந்தவள். சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் ஆடுகளைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் கல்யாணமாகி கல்வராயன் மலைக்கு வந்தபோது, ஆடு எதைப் போட்டாலும் தின்னும் என்றே நினைத்தேன்.

வந்த முதல் வாரம், பனி ஈரத்தோடு புல் அறுத்து வந்து போட்டேன். மூன்று ஆடுகளும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அத்தை சிரித்துவிட்டார்.

"ஈரத்தைத் தொடாதும்மா. மிதிபட்டதையும் தின்னாது. தழையா ஒடிச்சு உசரத்துல கட்டித் தொங்கவிடு."

பலா இலைக் கொத்தைக் கிளையில் கட்டினேன். பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, கொஞ்ச நேரத்தில் காலி செய்துவிட்டன!

செம்மறி குனிந்து புல் மேயும். வெள்ளாடு நிமிர்ந்து தழை தேடும். ஒரே செடியில் நிற்காது. இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடு தொடாததால் ஆடாதோடை, ஆடு தின்னாததால் ஆடுதின்னாப்பாளை என்று செடிகளுக்குப் பேர் வந்ததையும் அத்தைதான் சொன்னார். 'அப்படியென்றால் ஆடு தின்பதெல்லாம் நல்லதுதானே' என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்ட முடியவில்லை. அத்தை வெளியூர் போயிருந்தார். மூன்றாம் நாள் மழை விட்டதும் மரவள்ளி பிடுங்கினோம். பசேலென்று குவிந்து கிடந்த இலையை அள்ளிப் போட்டேன். எவ்வளவு ஆசையாகத் தின்றன தெரியுமா!

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாயில் நுரை, மூச்சு இரைப்பு. ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பக்கத்து வீட்டுத் தம்பி பைக்கில் போய் கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தார். நரம்பில் ஊசி போட்டதும் இரண்டு பிழைத்தன. சினையாக இருந்த கறுப்பி, அவர் வருவதற்குள் போய்விட்டது. நாத்தனாரின் காலேஜ் ஃபீஸுக்கு என்று அத்தை வளர்த்த ஆடு அது.

மரவள்ளிப் பச்சை இலையை மெல்லும்போது சயனைடு விஷம் உண்டாகும் என்று மருத்துவர் விளக்கினார். மேய்கிற ஆடு போகிறபோக்கில் ஒரு வாய் கடித்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பசியோடு கட்டிக் கிடக்கிற ஆடு வயிறு முட்டத் தின்றால் தாங்காது. இளம் சோளப் பயிரிலும் இதே ஆபத்து உண்டாம்.

ஊரிலிருந்து வந்த அத்தை என்னைத் திட்டவில்லை. காலிக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "பசிச்ச வாய்க்குப் பாகுபாடு தெரியாதும்மா. நாமதான் பார்த்துப் போடணும்" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போதெல்லாம் மரவள்ளி இலையை வெயிலில் நன்றாக உலர்த்தி, மற்ற தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகத்தான் போடுகிறேன். மழைக்காலத்துக்கென்று காய்ந்த கடலைக்கொடியும் சேர்த்து வைத்திருக்கிறேன். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962 எங்கள் தொழுவச் சுவரில் கரியால் பெரிதாக எழுதியிருக்கிறது. ஆடு வளர்க்கிறவர்கள் உங்கள் வீட்டிலும் எழுதி வையுங்களேன்!