ஏழு மணி நேரக் கூலி

ஜாகா வேலை என்று நம் மக்கள் வழங்கும் காவல் பணியில் நள்ளிரவுக்குத் தனி மதிப்பு உண்டு. பன்னிரண்டு அடித்தால் நாள் மாறுகிறது. மறுநாள் பெருநாளாயின் கூலியும் மாறுகிறது. கோலாலம்பூரில் ஒரு காவல் நிறுவனம் 2022ஆம் ஆண்டுத் தீபாவளி மாதத்து ஊதியத்தைக் கணக்கிட்டபோது, அந்தப் பன்னிரண்டு மணி காலை எட்டுக்கு அடித்திருந்தது.

நிறுவனத்தின் கணினிப் பொறுப்பில் இருந்தவர் ஓர் இளைஞர். பழைய சேவையகங்களை நீக்கிவிட்டு, வாடகைக்குப் பெற்ற பன்னிரண்டு புதிய சேவையகங்களுக்கு வேலைகளை அவ்வாண்டில் மாற்றியிருந்தார். எல்லாம் லினக்ஸில் இயங்குபவை. பழையவற்றில் யாரோ என்றோ கையால் உள்ளூர் நேரத்தை அமைத்திருந்தனர். அதனை எங்கும் எழுதிவைக்கவில்லை. புதியவையோ உலகப் பொது நேரத்தோடு வந்து சேர்ந்தன. அது நம் நேரத்துக்கு எட்டு மணி பின்தங்கியது.

தீபாவளி அக்டோபர் 24. முதல் நாள் மாலை ஏழு மணிக்குப் பணியேற்றுப் பெருநாள் காலை ஏழு வரை காவல் காத்தவர்களுக்கு, நள்ளிரவுக்குப் பிந்திய ஏழு மணி நேரத்துக்கு உயர்ந்த கூலி சேர வேண்டும். சேவையகத்துக்கோ அந்த ஏழு மணி நேரமும் 23ஆம் தேதியே. பெருநாள் இரவு பணியேற்றவர்களுக்கு அதே ஏழு மணி நேரம் மிகையாக எழுதப்பட்டது. இரண்டு இரவிலும் ஆட்கள் தொகை ஒன்றே. ஆதலால் மொத்தக் கணக்கு ஒரு காசும் பிசகாமல் நின்றது. கணக்குப் பிரிவினர் ஐயுற வழியே இல்லை. ஐயுற்றவர், வேலை நேரத்தைச் சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் குறித்துவந்த முதிய காவலர் ஒருவர்.

"மொத்தம் சரியாக இருக்கலாம் தம்பி, என் கூலி சரியில்லையே," என்றார் அவர்.

பன்னிரண்டு கணினிகளிலும் ஒவ்வொன்றாக நுழைந்து நேரத்தைத் திருத்துவது அரிய வேலையன்று. ஆனால் நாளை வரும் பதின்மூன்றாவது கணினிக்கு அதனை யார் நினைவூட்டுவார்? எனவே இளைஞர் அன்சிபிள் என்னும் தானியக்கக் கருவியை நாடினார். எந்தெந்தக் கணினி எந்நிலையில் இருக்க வேண்டும் என்று அதற்கு ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். அது ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்து, மாறுபட்டிருப்பதை மட்டும் மாற்றும். சரியாக இருப்பதைத் தொடாது.

முதலில் அவர் எழுதியது ஊர்ப்பெயரன்று, எண். கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னே இருக்கிறோம் என்பதால் கூட்டல் எட்டு என்று குறித்து ஒரு கணினியில் சோதித்தார். நேரம் பதினாறு மணி பின்னே போயிற்று! எண்ணால் ஆன அந்தப் பெயர்களில் கூட்டல் குறி மேற்கையும் கழித்தல் குறி கிழக்கையும் சுட்டும் என்பது ஒரு பழைய மரபு. அறியாதவரை அது கவிழ்க்காமல் விடுவதில்லை.

பிறகு 'ஆசியா/கோலாலம்பூர்' என்று எழுதினார். அதுவே தக்க வழி. எண் இன்றைய நிலையை மட்டுமே அறியும். ஊர்ப்பெயர் அவ்வூரின் பழைய நேரங்களையும் அறியும். கணினியில் நேரத்தை உள்ளூராக்காமல், கூலியைக் கணிக்கும் நிரலிலேயே ஊரைக் குறிப்பிடுவது இன்னும் மேல் என்பாரும் உளர். அது நியாயமே. ஆனால் அந்த நிரலை எழுதியவர் விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனுள் கைவைக்க எவரும் துணியவில்லை.

பன்னிரண்டு கணினிகளும் சில நொடிகளில் திருந்தின. ஆயினும் அன்றிரவுக் கணக்கு மீண்டும் காலை எட்டு மணிக்கே ஓடியது. குறித்த வேளையில் வேலைகளைத் தொடங்கும் கிரான் என்னும் பணியாளன் பழைய நேரத்தையே நெஞ்சில் வைத்திருந்தான். அவனை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். நேரம் மாறினால் இதையும் செய் என்று மற்றொரு கட்டளை கோப்பில் சேர்ந்தது.

நிலுவைத் தொகை அடுத்த மாதம் வழங்கப்பட்டது. மிகையாகப் பெற்றவர்களிடம் திருப்பிக் கேட்கவில்லை. சீட்டைக் கொடுக்க இளைஞரே நேரில் சென்றார். முதியவர் குறிப்பேட்டோடு அதனை ஒத்துப் பார்த்துவிட்டு ஒரு பழைய கதை சொன்னார். சபா, சரவாக் நேரத்தோடு இணைவதற்காக, 1981 டிசம்பர் 31 இரவு தீபகற்பத்தில் பதினொன்றரை மணியை நள்ளிரவாக மாற்றினார்கள். சிங்கப்பூரும் உடன் மாறியது. அன்றும் அவர் காவலில் இருந்தாராம். அரை மணி குறைவாக நின்று முழுக் கூலி வாங்கிய இரவு அது ஒன்றே என்று சிரித்தார்.

அலுவலகம் திரும்பிய இளைஞர், அந்த இரவின் 11 மணி 29 நிமிடம் 59 நொடிக்கு அடுத்த நொடி எது என்று சேவையகத்தைக் கேட்டுப் பார்த்தார். 1982 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்று விடை வந்தது.