காலயந்திரத்துக்கும் விதி வேண்டும்

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான பிச்சாட்டூரைச் சேர்ந்த எங்களுக்கு ஒரு வசதி உண்டு. தெலுங்குப் படத்தையும் தமிழ்ப் படத்தையும் டப்பிங் இல்லாமலே பார்த்து ரசிக்கலாம். அதனால்தான் அறிவியல் புனைவு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இரண்டு படங்கள் சேர்ந்தே நினைவுக்கு வரும்: 1991இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த 'ஆதித்யா 369', 2015இல் ஆர். ரவிக்குமார் எடுத்த 'இன்று நேற்று நாளை'.

முன்னதில் பாலகிருஷ்ணா கிருஷ்ணதேவராயர் அவைக்கும் போகிறார், 2504ஆம் ஆண்டுக்கும் போகிறார். கிராபிக்ஸ் வசதி பெரிதாக இல்லாத காலம் அது. அந்தத் துணிச்சலுக்கே தனி மரியாதை!

ஆனால் கதைக்கட்டில் ரவிக்குமார் படம்தான் ஒரு படி மேல். தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று ஜோசியம் சொல்லிப் பிழைக்கக் காலயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள் இரண்டு நண்பர்கள். நம்மூர் மனிதர்கள் கையில் அப்படி ஒரு யந்திரம் கிடைத்தால் முதலில் இதைத்தான் செய்வார்கள். அவர்கள் கடந்த காலத்தில் கை வைத்ததால், சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிடுகிறான். பிறகு வரும் சிக்கல் எல்லாம் அதிலிருந்தே முளைக்கிறது.

2024இல் வந்த 'கல்கி 2898 ஏடி'யின் பிரம்மாண்டம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அதில் உலகம் காட்டப்பட்ட அளவுக்கு அதன் விதிகள் சொல்லப்படவில்லை.

புதிதாக எழுத வரும் தம்பி தங்கைகளே, பட்ஜெட்டை நினைத்துத் தயங்காதீர்கள். யந்திரத்தால் எது முடியாது என்பதை முதலில் எழுதுங்கள்.