அப்பர் மூட்டையும் அவரைப் பந்தலும்

எண்பதுகளில் ஆம்பூரில் எங்கள் தெருவுக்குள் எந்தப் பொருளும் முழுதாக வந்ததில்லை. எண்ணெய் ஐம்பது மில்லி, தேயிலை ஒரு நாளைக்கான பொட்டலம், வெங்காயம் கால் கிலோ. தோல் பதனிடும் டேனரியில் அப்பாவுக்கு வாரக் கூலி. கூலி வந்த அன்று மளிகைக் கடைக்காரர் அம்மாவை "வாங்கம்மா" என்பார். வாரக் கடைசியில் அதே வாயிலிருந்து "இன்னா வோணும்?" என்று வரும். இரண்டு நாளும் அம்மா ஒரே குரலில்தான் பேசுவாள்.

மற்றதெல்லாம் கொல்லையில் விளைந்தது, அல்லது தையல் மெஷினில் உருமாறியது, அல்லது சுவருக்கு மேலே கைமாறி வந்தது.

கொல்லை என்றால் தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழை, மிச்சமிருந்த மூலைகளில் மிளகாயும் கத்திரியும். ஆடியில் அவரை விதை ஊன்றி, கிழிந்த கயிற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பந்தலாக்கி ஏற்றிவிட்டால் தையில் காய் பறிக்கலாம். பனி இறங்க இறங்க அவரை காய்த்துத் தள்ளும். அந்த இரண்டு மாதம் குழம்பு, பொரியல், கூட்டு எல்லாவற்றிலும் அவரைதான். நாங்கள் முகம் சுளித்தால், "பங்குனியில கேட்டாலும் கிடைக்காது, தின்னுங்க" என்பாள் அம்மா. அரிசி கழுவிய தண்ணீர் கத்திரிக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவியது முருங்கைக்கு. இந்த வரிசை மாறினால் திட்டு விழும்.

கத்திரி விதை பள்ளிகொண்டாப் பக்கம் வாக்கப்பட்ட பெரியம்மா கொண்டுவந்தது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு பார்க்கப் போகும் பெரியப்பா, வரும்போது யாரிடமாவது நாற்றோ விதையோ வாங்கி வருவார். இலவம்பாடி முள்ளுக் கத்திரி. காம்பிலும் தண்டிலும் முள் இருக்கும். பறிக்கும்போது விரலில் ஏறினால் ராத்திரி வரை கடுக்கும். ஆனால் சதைப்பற்று அதிகம், விதை குறைவு. எண்ணெயில் வதக்கினாலும் குழையாமல் நிற்கும். செடிக்கு ஒரு காயை மட்டும் பறிக்காமல் பழுக்கவிட்டு, மஞ்சளானதும் அறுத்து, விதையைச் சாம்பலில் புரட்டி, வரட்டியில் வைத்து அம்மா சுவரில் அப்பிவிடுவாள். அடுத்த வருஷம் விதைக்குக் காசு கிடையாது.

எங்களுக்கெல்லாம் அக்கா முறையான பக்கத்து வீட்டு ஆப்பா வெள்ளிக்கிழமை பிரியாணி போடுவார். சீரக சம்பாவை ஊறவைப்பதிலிருந்து காய்ந்த மிளகாயை ஊறவைத்து அம்மியில் அரைப்பது வரை எங்கள் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாம். மசாலா வாசனை வேலூர் வெயிலில் சீக்கிரம் நடக்கும். ஆம்பூர் பிரியாணியில் அரிசியைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துத்தான் கறியோடு சேர்த்துத் தம் போடுவார்கள். அந்த வடிகஞ்சியை ஆப்பா கொட்டமாட்டார். ஒரு பங்கு எங்களுக்கு வரும். அப்பாவின் வேட்டிக்கும் எங்கள் பள்ளிச் சட்டைக்கும் வெள்ளிக்கிழமைதான் கஞ்சி ஏறும். பதிலுக்கு எங்கள் கொல்லைக் கத்திரிக்காய் காலையிலேயே சுவர் தாண்டிப் போயிருக்கும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அது. புளியும் எள்ளும் வேர்க்கடலையும் சேர்ந்து கெட்டியாக, ஒரு கரண்டி விழுந்தால் தட்டில் அப்படியே நிற்கும். ஊர் ஊராக ஆம்பூர் பிரியாணி என்று பலகை மாட்டிய கடைகளில் இப்போது அந்தக் கத்திரிக்காய்க்குப் பதில் தண்ணியாக எதையோ கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். பலகையைக் கழற்றிவிடலாம்.

கறி எடுப்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. தொடைக்கறி விசேஷத்துக்கு. மற்ற நாளில் குடல், தலை, கால். குடலைச் சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுக் கழுவிக் கழுவி வெள்ளையாக்குவதற்கே ஒரு காலைப்பொழுது போகும். அதில் கடலைப்பருப்பைச் சேர்த்துப் பெருக்கினால் ஆறு பேருக்கு ஆகும். மாலையில் கடை கட்டும் நேரமாகப் பார்த்துக் காய்க்குப் போவது, கேழ்வரகுக் களிக்கு முருங்கைக்கீரை, மழை நாளில் களிக்குக் கருவாடு. அரிசி வாங்க முடியாத வாரத்தில் நொய்க்கஞ்சி. இதற்கெல்லாம் எரிபொருளும் பாதி இலவசம். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட பிறகு மிஞ்சும் சக்கையை அப்பா சாக்கில் கொண்டுவருவார். வெயிலில் காய்ந்ததும் அடுப்புக்குப் போகும். புகை கண்ணைக் கரிக்கும்.

தையல் மெஷின் பழையது, கால் மெஷின். குடியாத்தம் லுங்கி வாங்கினால் இரண்டு தலைப்பையும் சேர்த்து மூட்டவேண்டும். தெருவில் எல்லோருடைய லுங்கியும் அம்மாவிடம்தான் வரும். கிழிந்த புடவையில் நடுப்பகுதி பாவாடையாகும், பார்டர் பையின் காதாகும், மிச்சம் நான்கைந்து அடுக்காகச் சேர்ந்து ஓட்டுத்தையலில் போர்வையாகும். ஷூ கம்பெனியில் வேலை செய்த சித்தப்பா கொண்டுவந்த லைனிங் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த புத்தகப் பையோடுதான் நான் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். மழையில் நனைந்தால் அந்தப் பையிடமிருந்து பக்கத்துப் பெஞ்சுக்காரன் விலகி உட்காருவான்.

பிறகு அம்மாவின் மடியில் பழைய புடவை போய், அப்பர் எனப்படும் ஷூவின் மேல்பாகம் வந்தது. அதற்குப் பின்னால் டெல்லி இருந்தது. அதுவரை இந்தப் பகுதியிலிருந்து பெரும்பாலும் பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தோல்தான் கப்பலேறியது. எழுபதுகளில் அரசு அதற்குக் கட்டுப்பாடு வைத்து, முழுதாய் முடித்த தோலும் செருப்பும் ஷூவுமாக அனுப்பச் சொன்னது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக ஷூ கம்பெனிகள் முளைத்தன. பட்டையில் பதனிடுவது குறைந்து, குரோமில் பதனிடுவது கூடியது. கையால் தைக்கவேண்டிய மேல்பாகங்கள் மூட்டை கட்டி ஏஜெண்ட் வழியாக வீடுகளுக்கு வந்தன. மெழுகு நூல், தடித்த ஊசி, ஏற்கெனவே ஓட்டை போட்ட தோல். ஜோடிக்கு இத்தனை என்று சில்லறைக் கூலி. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, ஊசியும் சில சமயம் சொந்தக் காசு. நூலை இழுத்து இழுத்து ஆட்காட்டி விரலில் பள்ளம் விழும். சைக்கிள் டியூபை வெட்டி விரலில் சுற்றிக்கொண்டு, குழம்பு கொதிக்கும் இடைவெளியில் அம்மா தைப்பாள். அந்த ஷூவை ஐரோப்பாவில் யாரோ போட்டுக்கொண்டு நடந்திருப்பார்கள். எங்கள் கொல்லை அவரைக்காய் இல்லாவிட்டால் அந்தக் கூலியில் ஒரு குடும்பம் சாப்பிட்டிருக்க முடியாது. அம்மாவின் சாமர்த்தியத்தால் மிச்சமான காசு எங்கள் வீட்டில் தங்கவில்லை. ஷூவின் விலை குறைவதற்குத்தான் அது போனது.

பிறகு எங்கள் கிணறு உப்பானது. பதப்படுத்தாத தோல் கெடாமலிருக்க உப்பில் புரட்டித்தான் டேனரிக்கு வரும். முதல் ஊறலிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, மண்ணில் இறங்கி, கிணற்றுக்கு வந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் உப்பு போகவில்லை. அதற்குத் தனி இயந்திரம், தனிச் செலவு. எங்கள் கொல்லையில் முதலில் அவரை இலை ஓரம் கருகியது. பிறகு வாழை. முருங்கை மட்டும் பிடிவாதமாக நின்றது. பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக் குடிதண்ணீர் எடுத்த வழக்கமும் அந்த வருஷங்களில்தான் நின்றது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கைக்காகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிற தீர்ப்பு. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. இழப்பீடு நிலத்துக்காரர்களுக்கு. அவர்களிலேயே அது கிடைக்காதவர்கள் இருந்தார்கள், அதனால்தான் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போடவேண்டி வந்தது. இரண்டு கட்டில் அகலக் கொல்லையும் அதில் விளைந்த அவரையும் எந்த ஹெக்டேர் கணக்கிலும் சேராது. அப்பா டேனரியையும் திட்டியதில்லை, கிணற்றையும் திட்டியதில்லை. இரண்டும் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தன.

சிக்கனமாக வாழ்ந்த அந்தக் காலத்தைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு அம்மாவின் விரல்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்த எண்ணெய்க் கத்திரிக்காய் ருசி பொய்யில்லை, கஞ்சி போட்ட சட்டையின் மொடமொடப்பும் பொய்யில்லை.

இலவம்பாடிக் கத்திரிக்கு 2023இல் வேலூர் முள்ளுக் கத்திரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. அண்ணி மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாக்களில் அதே கத்திரி வளர்க்கிறாள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியும் எங்கள் கிணறு தேறவில்லை. செடிக்கு ஊற்றுவது மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர். போன தடவை நான் போனபோது ஐந்து காய் பறித்துக் கொடுத்தாள். டப்பா, மண், மண்புழு உரம், வேப்பெண்ணெய் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"கடையில வாங்கினா பாதி விலைதானே அண்ணி?" என்றேன்.

"கடையில வாங்கினா பக்கத்து வூட்டு ஆப்பா பொண்ணுக்கு இன்னா குடுக்கறது?" என்றாள்.